வானம் பார்த்த பூமிக்கு வேண்டுவது என்ன?

(காரியாபட்டி வட்டார உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதுரையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காரியாபட்டியைக் கடந்து போகிறவர்கள், சாலையின் இருமருங்கிலும் சீமைக் கருவேலங்காட்டைக் காண்கிறார்கள். இடையிடையே கரிசல் காட்டையும் தொலைவிலே ஒரு கண்மாய்க் கரையையும் காண்கிறார்கள். "வறண்ட சீமை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அரசாங்க ஏடுகளும் ஏறத்தாழ அதே தீர்ப்பைத்தான் எழுதியிருக்கின்றன. 2018ஆம் ஆண்டிலே, பின்தங்கி நிற்கும் மாவட்டங்களை முன்னேற்றப்போவதாக மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதிலே தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே இரண்டு. ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று நம்முடைய விருதுநகர்.

நாம் கேட்கிறோம்: இது இயற்கை விதித்த வறுமையா?

இராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். நம் மாவட்டத்திலே ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது. நான்கு மடங்கு! ஆனால் அதிலே பாதியளவு ஐப்பசியிலும் கார்த்திகையிலும், விரல்விட்டு எண்ணத்தக்க சில நாட்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெய்யாத வானத்தைப் பற்றிப் பேசுகிறோமே, பெய்த நீர் எங்கே போயிற்று என்று எவரேனும் கேட்டதுண்டா?

நம் முன்னோர் கேட்டார்கள். கேட்டதனால்தான் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வழிந்தால், அந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் அடுத்த ஊருக்கு. இப்படிச் சங்கிலி கோத்தாற்போல் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் 39,000க்கு மேல் உண்டு.

பழமையைப் பாடிப் பரவ நான் வரவில்லை. குடிமராமத்து என்ற பெயரால் கரைக்கு மண் சுமந்தவர் யார், மடை நீரை முதலில் பாய்ச்சிக்கொண்டவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சுமந்தவன் சேரியிலே இருந்தான்; பாய்ச்சியவன் பெரிய வீட்டிலே இருந்தான். 1858ஆம் ஆண்டிலே வெள்ளையர் ஆட்சி அந்த உழைப்பையே சட்டமாக்கி, வராதவனிடம் பணம் பிடுங்கவும் வழி செய்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஜமீன் ஒழிந்தது. நல்லது. கண்மாய்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பெரியவை பொதுப்பணித் துறைக்கு, 100 ஏக்கருக்குக் குறைந்த பாசனமுள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். பிரித்ததிலே நேர்ந்தது என்ன? கண்மாய்க்கு ஒரு துறை, அதற்கு நீர் கொணரும் வரத்துக்கால் ஓடும் புறம்போக்குக்கு வேறொரு துறை என்றாயிற்று. பராமரிப்பதற்கென்று ஊருக்குள்ளே எவருமில்லை என்றும் ஆயிற்று.

2017ஆம் ஆண்டிலே குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்தார்கள். முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 நீர்நிலைகள் என்றார்கள். கரையை உயர்த்துவதும் மடையைச் செப்பனிடுவதும் வேண்டிய வேலைகளே. ஆனால் வாய் அடைபட்டவனுக்கு வயிற்றைத் தடவிக் கொடுத்துப் பயனென்ன? கண்மாயின் வாய் வரத்துக்கால். அதைச் சீமைக் கருவேலும் ஆக்கிரமிப்பும் அடைத்துக் கிடக்கையிலே, கரை எவ்வளவு உயர்ந்தாலும் உள்ளே நீர் வராது.

சீமைக் கருவேலைப் பற்றியும் ஒரு சொல். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற ஆணையிட்டது. அகற்றத்தான் வேண்டும், கண்மாய்க்குள்ளும் கால்வாய்க்குள்ளும் அதற்கு இடமில்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்து ஏழை எதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி அடுப்பு மூட்டினான்? அதே முள்மரத்தைத்தான்! வெள்ளாமை கைவிட்டபோது முள் கைகொடுத்தது. ஆகவே மரத்தை அகற்றுகிறவர்கள், அதை நம்பி வாழும் கரிமூட்டத் தொழிலாளிக்கு மாற்று வாழ்வையும் கூடவே தரவேண்டும். நீர்நிலைகளில் முதலில், தனியார் தரிசில் பின்னர் என்று படிப்படியாக அகற்றட்டும். அகற்றும் வேலையை அவனுக்கே கூலி வேலையாகத் தரட்டும்.

இனி உதவித் திட்டங்களுக்கு வருவோம். உதவியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அது எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது என்பதே கேள்வி.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியிலே மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நெல் நீங்கலாக மற்ற மானாவாரிப் பயிர்களுக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் வகுத்தார்கள். நான்கு ஏக்கர் கரிசலில் உளுந்தும் குதிரைவாலியும் விதைத்துக் கருகக் கொடுத்தவனுக்கு 12,000 ரூபாய். அடுத்த மழை வரும்வரை பன்னிரண்டு திங்களுக்கும் பங்கிட்டால் மாதம் ஆயிரம்! ஆற்றுப் பாசனம் பெற்றவனின் இழப்பு பெரிது, வானத்தை நம்பியவனின் இழப்பு சிறிது என்பது எந்தத் தராசின் கணக்கு?

அந்த மூவாயிரமும் பட்டாதாரருக்குத்தான் எளிதிலே சேரும். மத்திய அரசு 2018 டிசம்பர் முதல் கணக்கிட்டு வழங்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவியும் நிலம் உடைய குடும்பத்துக்கே உரியது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவனுக்கு அதிலே இடமில்லை. கணவன் மதுரையிலே கட்டட வேலைக்குப் போய்விட, களையெடுத்து, மிளகாய் பறித்து, ஆடு மேய்த்து நிலத்தைக் காக்கும் தாய்மார்களில் எத்தனை பேருடைய பெயர் பட்டாவிலே இருக்கிறது? இந்தக் கூட்டத்திலேயே கை உயர்த்திப் பார்க்கலாம். குத்தகையாளரின் உரிமையைப் பதிவு செய்வதற்குத் தமிழ்நாட்டில் 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, பதிவேட்டிலே பெயர்தான் ஏறவில்லை. வாய்மொழிக் குத்தகைக்குச் சாட்சி சொல்ல நிலத்துக்கு வாயில்லையே!

பயிர்க் காப்பீடோ, 2016 முதல் புதிய வடிவிலே நடக்கிறது. காரீப் பருவ உணவுப் பயிருக்கு நூற்றுக்கு 2, ராபி பருவத்துக்கு ஒன்றரை என்று உழவர் கட்டும் பங்கு குறைவுதான். ஆனால் பெரும்பாலான இழப்பை அளப்பது அவரவர் காட்டிலே அல்ல. ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலிலே. இந்த ஊரிலே பெய்து அடுத்த ஊரிலே பெய்யாமல் போவது நம் சீமையின் இயல்பு. பெய்த ஊரின் விளைச்சல், பெய்யாத ஊரின் பட்டினியை ஏட்டிலே மறைத்துவிடுகிறது!

இத்தனைக்கும் நடுவே ஊரைத் தாங்கிய ஒரு தூண் 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம். நூறு நாள் வேலை என்று நம் தாய்மார்கள் அழைத்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 டிசம்பரிலே நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் என்கிறது புதிய சட்டம்; எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் செலவிலே நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையிலே. அன்றியும், விதைப்பும் அறுவடையும் மிகுந்த காலமென்று அறிவித்து, ஆண்டில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடமிருக்கிறது. நஞ்சைச் சீமைக்கு அது பொருந்துமோ என்னவோ! இங்கே ஐப்பசியிலே மழை பொய்த்தால் விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. காட்டிலும் வேலையில்லை, கண்மாயிலும் வேலையில்லை என்றால், அந்த அறுபது நாளும் உழைப்பாளி எதை உண்பான்?

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியிலே அடிக்கல் நாட்டினார்கள். ஏறத்தாழ 262 கிலோமீட்டர். மதிப்பீடு 14,400 கோடி. அதன் மூன்றாம் பகுதியான 34 கிலோமீட்டர்தான் வைகையிலிருந்து நம் குண்டாற்றுக்கு வருகிறது. வரட்டும், விரைந்து வரட்டும்! ஆனால் வருகிற நீரை எந்தக் கண்மாயிலே தேக்குவது? வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் காவிரியே வந்தாலும் கடலுக்குத்தானே போகும்?

ஆகவே தோழர்களே, நாம் சொல்வது இதுதான். விழுந்த பின் கை நீட்டுவது நிவாரணம். விழாமல் நிற்கத் தரை தருவது வாழ்வாதாரம். வானம் பார்த்த பூமிக்கு முதலிலே வேண்டுவது பின்னது. அதை உரிமையாகக் கேட்பதற்குமுன் நாம் செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது.

ஒவ்வொரு கிளையும் புரட்டாசிக்கு முன்னே தன் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலை, அது கண்மாயில் சேரும் இடத்திலிருந்து தொடக்கம் வரை நடந்து பார்க்கட்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதட்டும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நம் கட்சிக்காரரே ஆக்கிரமித்திருந்தால் முதலிலே அவர் பெயரை எழுதட்டும்! அந்தப் பட்டியலை கிராம சபையிலே வைத்துத் தீர்மானமாக்கட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றும் கிராம சபை கூடுகிறது.

விதைப்பு முடிந்ததும் குத்தகையாளரையும் தாய்மார்களையும் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துச் சென்று, உழுகிறவர் பெயர் அடங்கலில் ஏறும்வரை உடன் நில்லுங்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் செல்லுங்கள். மேடையிலே நூறு முறை முழங்குவதைவிட, ஏட்டிலே ஒரு பெயரை ஏற்றுவது ஒரு குடும்பத்துக்குச் சோறு.

வானத்தை நாம் ஆள முடியாது. வாய்க்காலையும் ஏட்டையும் ஆள முடியும். அந்த வேலையைத் தொடங்குங்கள்.