சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓர் அறை வாடகைக்கு

இங்கிலாந்தில் தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விட்டு, சமையலறையையும் குளியலறையையும் அவ்வாறு வந்து தங்குபவரோடு பகிர்ந்துகொள்வது நெடுங்கால வழக்கம். வந்து தங்குபவரை அங்கே லாட்ஜர் என்கிறார்கள். தனி வீட்டை வாடகைக்கு எடுப்பவருக்குள்ள சட்டப் பாதுகாப்பு இவருக்குப் பெரும்பாலும் இல்லை என்பதால், வீட்டுக்காரர் நியாயமான அவகாசம் கொடுத்தால் நீதிமன்றத்தின் ஆணை இல்லாமலேயே அறையைத் திரும்பப் பெறலாம். ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிதன்று: ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த இளைஞர்களும், இப்போது மாணவர்களும் பராமரிப்பு இல்லப் பணியாளர்களும் இப்படித்தான் தங்க இடம் பெறுகிறார்கள். அந்த வீட்டில் தவழும் பிள்ளையோ பள்ளி செல்லத் தொடங்கிய பிள்ளையோ இருந்தால், வீட்டுக்கடன் தவணையைவிடப் பெரிதாக வேறு சில கேள்விகள் எழுகின்றன.

முதற் கேள்வி, வருபவர் எப்படிப்பட்டவர் என்பது. தெரிந்தவர் சொல்லி வந்தவர் என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வது பலருடைய வழக்கமாயினும், முன்பு தங்கியிருந்த வீட்டாரிடமும் வேலை தருபவரிடமும் பேசிப் பார்ப்பதே முறை. டிபிஎஸ் எனப்படும் குற்றப்பதிவுச் சான்றிதழின் அடிப்படை வகையை வருபவரே விண்ணப்பித்துப் பெற்றுக் காட்டலாம்; ஆனால் சட்டப்படி இன்னும் கணக்கில் உள்ள தண்டனைகளை மட்டுமே அது காட்டுமாதலால், அதை நன்னடத்தைச் சான்றிதழாக எண்ணிவிடக் கூடாது. பிள்ளையோடு பழகும் ஒருவரைப் பற்றி ஐயம் எழுந்தால், 2000ஆம் ஆண்டில் கொலையுண்ட சாரா பெய்ன் என்ற 8 வயதுச் சிறுமியின் பெயரால் சாரா சட்டம் என்று வழங்கும் திட்டத்தின் கீழ் காவல்துறையிடம் கேட்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் அது 2011இல் விரிவாக்கப்பட்டது. பிள்ளையைக் காக்கத் தேவை என்று காவல்துறை கருதினால் மட்டுமே, அதுவும் பிள்ளையைக் காக்கும் பொறுப்பில் உள்ளவரிடம் மட்டுமே, செய்தி வெளியிடப்படும்.

இவ்வளவையும் விசாரித்து அறிந்த பெற்றோர் பலர், வருபவருடைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பிள்ளை பிறந்ததும் மருந்துகளை உயரத்தில் ஏற்றி, அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி மாட்டி, மாடிப்படிக்குத் தடுப்புப் போட்ட அதே வீட்டில், பிள்ளை இல்லாத ஒருவருடைய அறை ஒன்று புதிதாக முளைக்கிறது. கட்டில் ஓரத்தில் பாரசிட்டமால் அட்டை, மிட்டாய்போல் பளபளக்கும் சலவைத் திரவப் பொட்டலங்கள், முடியை நேராக்கும் சூடான இடுக்கி, மின் சிகரெட்டுக்கான நிக்கோட்டின் திரவம் என அங்கே இருப்பவை யாவும் வளர்ந்தவருக்கு அன்றாடப் பொருள்கள், இரண்டு வயதுப் பிள்ளைக்கோ ஆபத்துகள். நிக்கோட்டின் திரவப் புட்டிக்குப் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி இருக்க வேண்டும் என்பது சட்டமாயினும், மூடியைத் திருகி மூடும் பழக்கத்தைச் சட்டத்தால் கொண்டுவர முடியாது. தொலைக்காட்சி ரிமோட், கார்ச் சாவி, சிறு தராசு ஆகியவற்றில் இருக்கும் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி எல்லாவற்றிலும் கொடியது. விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது திசுவைக் கடுமையாக அரித்துவிடக் கூடும் என்பதால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் பிள்ளையை உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே அறையைக் காட்டும் நாளிலேயே, வாடகைத் தொகையைப் பேசும் அதே மூச்சில், கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும் என்பதும், மருந்துக்கு உயரத்தில் ஒரு பெட்டி உண்டு என்பதும் பேசப்பட வேண்டும். அறைக்குப் பூட்டு வைப்பது இருதரப்புக்கும் நல்லது. தீப்பிடித்தால் வெளியேற வேண்டுமாதலால், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் பூட்டாக அது இருக்கட்டும். குளிர்பெட்டியில் அவருக்கென ஒரு தட்டை ஒதுக்குவதைப் போலவே, பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, உதவி என்ற பெயரில் வருவது. வந்த சில வாரங்களில் அவர் பிள்ளைகளுக்கு மாமாவோ அக்காவோ ஆகிவிடுவார்; “கடைக்குப் போய் வருகிறேன், ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற வேண்டுகோளும் இயல்பாகவே வந்துவிடும். அன்பினால் கேட்பதாயினும், வாடகை கொடுப்பவர் மறுக்கத் தயங்குவார் என்பதையும், பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு ஒப்பந்தத்தில் இல்லை என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது. பிள்ளைக்கும் எளிய சொற்களில் சில விதிகள் தேவை: அந்த அறைக்குள் போவதில்லை, குளிக்கும்போது கதவு சாத்தப்படும், அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடமே சொல்ல வேண்டும். இவற்றை லாட்ஜரும் கேட்கும்படி சொல்வதை மரியாதைக் குறைவாகக் கருதுவோர் உண்டு; வெளிப்படையாகச் சொல்லப்பட்ட விதி நல்லவரையும் வீண் சந்தேகத்திலிருந்து காக்கிறது என்பதால், அந்தத் தயக்கம் தேவையற்றது.

நேரக் கணக்கும் உண்டு. இரவுப்பணி முடித்துக் காலை எட்டு மணிக்குத் திரும்புபவர் படுக்கப் போகும் வேளையில்தான் பிள்ளைகள் காலணி தேடிக் கூச்சலிடுவார்கள். குளியலறை ஒன்றே உள்ள வீட்டில் அந்த அரைமணி யாருக்கு என்பதை எழுதியே வைத்துக்கொள்ளலாம். பள்ளிக் காலத்தில் அமைதியாக இருந்த வீடு, ஆறு வாரக் கோடை விடுமுறையில் எப்படியிருக்கும் என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்வது நேர்மை.

நேரம் குறைவாதலால் எஞ்சியவை சுருக்கமாக: தளபாடங்களுடன் விடப்படும் அறைக்கு வாடகையாக ஆண்டுக்கு 7,500 பவுண்டுவரை வரியில்லை, இணை உரிமையாளரோடு வருமானத்தைப் பகிர்ந்தால் ஒருவருக்கு 3,750 பவுண்டு. வீட்டில் ஒரே பெரியவராக இருப்பவருக்கு மாநகராட்சி வரியில் கிடைக்கும் 25 விழுக்காட்டுத் தள்ளுபடி, லாட்ஜர் வந்தால் பொதுவாகப் போய்விடும். முழுநேர மாணவர் வந்தால் போகாது. இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் உரிமைக்கான ஆவணங்களை, குடியுரிமை உள்ளவர் உட்பட, வருபவர் எவராயினும் சரிபார்த்தாக வேண்டும். கடன் கொடுத்த வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட்டு, எரிவாயுக் கருவிகளின் ஆண்டுச் சோதனையையும் முடித்த பின்னரே, அறைச் சாவியைப் புதியவர் கையில் கொடுக்கலாம்.