காதர்பேட்டையின் சொற்கள்

ஊரை ஒட்டி வணிகர் கூடும் இடத்தைப் ‘பேட்டை’ என்பது தமிழ் வழக்கு. திருப்பூர்த் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த காதர்பேட்டை அச்சொல்லுக்கு இன்றும் பொருள் தருகிறது.

1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியபின், அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. கதரால் பெயர்பெற்ற ஊர் பின்னாளில் பின்னலாடையால் வளர்ந்தது. ஏற்றுமதியில் கழிந்த ஆடையும் மிஞ்சிய சரக்கும் விலைபோகும் களமாயிற்று காதர்பேட்டை. அயல்நாட்டார் அளவுக்குத் தைத்து, தையற்பிழையால் தள்ளப்பட்ட சட்டை இங்கே ஓர் ஏழைச் சிறுவனின் தீபாவளிப் புத்தாடையாகும்.

2023 ஜூனில் அங்குள்ள பனியன் பசாரில் பற்றிய தீயில் ஏறத்தாழ 50 கடைகள் கருகின. கடைகளை மீண்டும் கட்டலாம். அங்கே புழங்கும் சொற்களோ எழுதப்படாவிடில் மறையும். செகண்ட்ஸ், கட்பீஸ், பிசிறு, பவர் டேபிள், காஜா: இவை ஆயிரக்கணக்கானோரின் அன்றாட மொழி.

இவை பாட்டுக்கு ஆகா என்பார் உளர். கலிங்க நாட்டின் பெயர் ஆடைக்கு ஆகி, ‘கலிங்கம்’ எனச் சங்கப் பாட்டில் ஏறியதை அவர்கள் எண்ணவேண்டும். அன்று அதுவும் வணிகர் கொணர்ந்த சொல்லே. புலவர் அதைப் புறந்தள்ளவில்லை.

பனியன் நகரின் சொற்களைத் தொகுத்தலும் பாட்டில் ஏற்றுதலும், பத்தாண்டு கண்ட மன்றம் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.