காற்றுப் பன்னம் என்னும் விலங்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், விலங்கியல் பயின்ற பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்திய உரை)



வெளிநாடுகளில் வாழும் உங்களிற் சிலர் பரிசுப்பொருட் கடைகளில் ஒரு சிறிய பச்சைச் செடியைக் கண்டிருப்பீர்கள். 'காற்றுப் பன்னம்' என்று பெயர் எழுதியிருக்கும். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே வாழும் என்று சொல்லி விற்பார்கள். பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்களுக்கென்றே படைத்தது போலிருக்கும். உண்மையில் அது வாழவில்லை, இறந்து நெடுநாளாகிவிட்டது. அது செடியுமல்ல, விலங்கு. பச்சை நிறமும் அதனுடையதல்ல; சாயம்.

சேட்டுலாரியா குப்பிரசினா என்பது இதன் விஞ்ஞானப் பெயர். 1758இல் லின்னேயசு இட்ட பெயர் இது. சைப்பிரசு மரத்தைப் போன்றது என்று பொருள். ஆங்கிலேய மீனவர் 'வெண்களை' என்றார்கள், ஜேர்மானியர் 'கடற்பாசி' என்றார்கள். யார் பெயர் வைத்தாலும் தாவரமாகவே வைத்திருக்கிறார்கள். தோற்றம் அப்படி.

உயர்தர வகுப்பில் நாமெல்லோரும் ஐதராவையும் ஒபீலியாவையும் படம் வரைந்து பெயர் குறித்தவர்கள்தானே. அந்தக் குடும்பத்து உறவுதான் இது. கல்லிலோ சிப்பியிலோ வேர் போன்ற குழல்கள் படர்ந்து பற்றிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு தண்டு எழும்பும். தண்டைச் சுற்றிச் சுருள்முறையில் கிளைகள் வருவதால் முழுக் கூட்டமும் அணிலின் வால் போலத் தோன்றும். ஒரு முழ உயரம் வரை வளரக்கூடும். கிளையின் இரு பக்கமும் மாறிமாறி, பல் வரிசை போலச் சின்னஞ்சிறு கிண்ணங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். ஒவ்வொரு கிண்ணத்துள்ளும் ஒரு பொலிப்பு. வாயும் அதைச் சுற்றிப் பரிசக்கொம்புகளும் உண்டு. மிதந்துவரும் நுண்ணுயிர்களை அது பிடித்து உண்ணும். 'அழன்மொட்டுச் சிறைப்பை' என்று பாடமாக்கி நாக்குப் புரண்டது பலருக்கு நினைவிருக்கும். இரையை மடக்குவது அதுதான்.

ஆபத்து வந்தால் பொலிப்பு உள்ளே சுருங்கிவிடும். கிண்ணத்தின் வாயிலில் இரண்டு மடல்கள் உண்டு, எங்கள் பழைய வீடுகளின் இரட்டைக் கதவு போல. அவை மூடிக்கொள்ளும். இந்த இனத்தை அடையாளங் காண்பதற்கு அந்தக் கதவும் ஓர் அடையாளம். ஆயிரக்கணக்கான வாய்கள் இருந்தும் வயிறு ஒன்றுதான் என்று சொல்லலாம். ஒரு பொலிப்பு உண்டது கிளைக்குள் ஓடும் உயிர்க்குழல் வழியே மற்றவற்றுக்கும் போகும்.

வெளியே உறையாக இருப்பது கைற்றின். உள்ளிருக்கும் உயிர் அழிந்தாலும் அந்த உறை உருக்குலையாமல் நிற்கும். கடைக்காரர் விற்பது அந்த வெறுங் கூட்டைத்தான்.

ஒபீலியா தன் இனத்தைப் பெருக்கச் சிறு மெதூசாக்களை நீந்தவிடும் அல்லவா? இது அப்படிச் செய்வதில்லை. இரண்டு கொம்பு முனை கொண்ட தனிப் பைகளில் இனப்பெருக்கம் நடக்கிறது. வெளிவருவது பிளானுலாக் குடம்பி மட்டுமே. அது ஓரிடத்தில் ஒட்டிப் புதுக் கூட்டமாகும். பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதால், மணல் நிறைந்த கடலடியில் ஒரு வெற்றுச் சிப்பி கிடந்தாலும் அதற்குப் பெரிய காரியம்.

இது குளிர் கடலின் பிராணி. வட அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும், ஆட்டிக் பக்கத்திலிருந்து நோர்வே, ஐசுலாந்து, வட கடல், ஐரியக் கடல், ஆங்கிலக் கால்வாய் வரையும் காணப்படுகிறது. வற்றுப்பெருக்கு நீரோட்டம் விசையாக ஓடும் இடத்தையே விரும்புகிறது. உணவை நீரோட்டந்தானே கொண்டுவர வேண்டும். தேம்ஸ் கழிமுகத்திலும் ஜேர்மனியின் வாடன் கடலிலும் இது தோப்புத் தோப்பாக வளர்ந்தது. அங்கேதான் கடந்த நூற்றாண்டில் மீனவர் கம்பிப் பற்களால் கடலடியை வாரி இதை எடுத்தார்கள். உலர்த்திச் சாயமிட்டு அலங்காரத்துக்கு விற்றார்கள். கூலிக்கு உழைத்த மீனவரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோப்புக்குள் சின்ன இறால் வகைகளும் ஓடில்லாத கடல் நத்தைகளும் குடியிருந்தன. வாரியபோது அவற்றின் வீடும் போனது. வாங்கியவருக்கு அது ஓர் உயிர் என்றுகூட யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு மனத்தாங்கல் அதில்தான்.

அறியாமை என்று சொல்லவும் இடமில்லை. 1755இலேயே ஜோன் எல்லிஸ் என்ற இலண்டன் வணிகர் இவற்றைக் கடல்நீரில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, இவை விலங்குகளே என்று நூல் எழுதிவிட்டார். படித்த பேராசிரியரல்லர், வியாபாரி. பொறுமையாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

எமது கடலில் இந்த இனம் இல்லை. மன்னார்க் கடலின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. ஆனால் இதன் வெப்பக்கடல் உறவினர் இங்கே ஏராளம். 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராய இலங்கை வந்தபோது இவற்றையும் சேகரித்தார். அவற்றை இனங்கண்டு அறிக்கை எழுதியவர் ஒரு பெண்மணி, லோறா றொஸ்கோ தோண்லி. 1904இல் அது வெளிவந்தது. நாம் படித்த நாளில் அந்தப் பெயரை யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. இன்றைய மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்குமாறு ஆசிரியைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

மண்டபத்தின் பின்புற மேசையில் ஒரு காய்ந்த கிளையும் இரண்டு கைவில்லைகளும் வைத்திருக்கிறோம். கிளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரு பக்கப் பல் வரிசை தெரியும். விரலை ஈரமாக்கித் தொட வேண்டாம், சாயம் சேலையில் பட்டுவிடும். தேநீர் இடைவேளை இருபது நிமிடம். சின்னப் பிள்ளைகளை முதலில் பார்க்க விடுங்கள்.