கோபம் தணிந்தால் காரணம் தெரியும்

(குறுவள மையப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாணவன் எதிர்த்துப் பேசினால், ‘இப்போதே அடக்காவிட்டால் மற்றவர்களும் கெட்டுவிடுவார்கள்’ என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த அச்சம் இயல்பானது. ஒருவனைத் திருத்தும் விதம் சுற்றியிருப்பவர்களையும் தொடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். ஆனால், ஒழுங்கான வகுப்புக்குக் காரணம் கண்டிப்பின் கடுமை அன்று, வகுப்பு முழுவதையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் விழிப்பே என்பதும் அவர் கண்டதுதான்.

என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் சாக்பீஸ் துண்டுகளை எறிவான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான். நான்கு நாள்கள் குறித்து வைத்துப் பார்த்தேன். கணக்குப் பாடவேளையில் அமைதியாக இருப்பவன், தமிழ்ப் பாடத்தில் வாய்விட்டு வாசிக்கும் முறை தன்னை நெருங்கும்போது மட்டுமே சேட்டை செய்தான். அவனுக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. அவனை வெளியே நிறுத்தினால், அவன் விரும்பியதையே நாம் கொடுத்தவர்கள் ஆவோம். மறுநாள் வாசிக்க வேண்டிய மூன்று வரிகளை முதல் நாள் மதிய இடைவேளையிலேயே அவனுடன் படித்துப் பார்த்தேன். தடுமாறினாலும் வகுப்பில் வாசித்தான். சேட்டை முழுவதும் நின்றுவிடவில்லை. வாசிப்பு நேரத்துச் சேட்டை நின்றது.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியவை சிலவே. பாடத்தை நிறுத்தாமல் அவன் அருகில் சென்று நில்லுங்கள். அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில், ‘பக்கத்தைத் திருப்பு, இரண்டாவது பத்தி’ என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். ‘நீ எப்போதும் இப்படித்தான்’ என்று ஆளைச் சொல்ல வேண்டாம். சொன்னதும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். தோற்றுவிட்டோம் என்ற எண்ணமில்லாமல் அவன் கீழ்ப்படிய அது இடம் தரும். மீதியை வகுப்பு முடிந்தபின் தனியே பேசலாம். அடிதடி என்றால் மட்டும் உடனே பிரித்து, தலைமையாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அனைவர் முன்னும் அவமானப்படுத்துவதும் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துவதே.

உங்களை அதிகம் சோதிக்கும் ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மூன்றை மட்டும் குறித்து வையுங்கள்: எந்தப் பாடவேளை, என்ன செய்தார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்புகளோடு பேசுவோம்.