செம்பனையின் தாய்மண்ணைப் படித்தேன்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"நீ அமெரிக்காவுல என்ன படிச்சியோ அதைச் சொல்லும்மா" என்றார் தலைமையாசிரியர். நான் படித்தது கணக்கியல். அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினால் உங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே, துணைப் பாடமாக நான் படித்ததைச் சொல்கிறேன்.

அங்கே பட்டப்படிப்புக்கு ஒரு முதன்மைப் பாடம் உண்டு. விரும்பினால் அதோடு வேறொரு துறையில் ஆறு வகுப்புகள் முடித்து, அதையும் துணைப் பாடமாகப் பதிவு செய்து கொள்ளலாம். நான் எடுத்தது ஆப்பிரிக்க மக்களின் பண்பாடு. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு அமெரிக்கா, பிரேசில், மேற்கிந்தியத் தீவுகள் என்று சிதறிப் போனவர்களின் பண்பாடும் அதில் அடக்கம்.

வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காப்பிரிங்களைப் பத்திப் படிச்சு என்னம்மா செய்யப் போற?" என்றார்.

அப்பாவைக் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சொல் நம்மில் பலர் வாயில் இருக்கிறது. என் நிறத்தையும் சுருட்டை முடியையும் பார்த்து, சிறு வயதில் என்னையே அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, என்னோடு கோலி விளையாடிய நம் பிள்ளைகள்தான். "நான் அவங்க மாதிரி இல்லன்னு சொல்லும்மா" என்று அம்மாவிடம் அழுவேன். அந்த "அவங்க" யார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பாடமே சும்மா வந்துவிடவில்லை. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் தங்கள் வரலாற்றைப் பாடமாக்கக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆசிய மாணவர்களும் சேர்ந்து கொண்டார்கள். போலீஸ் அடி, கைது எல்லாவற்றையும் தாங்கி, 1969 மார்ச் வரை நின்றார்கள். அதன் பலனாகத்தான் அங்கே அத்துறை நிலைபெற்றது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

முதல் வகுப்பில் ஆசிரியை ஒரு படம் காட்டினார். செம்பனைக் குலை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் பழத்தை வேகவைத்து, இடித்து, பிழிந்து, அந்தச் சிவப்பு எண்ணெயில் குழம்பு வைக்கிறார்கள். அதே மரத்தில் கள்ளும் இறக்குகிறார்கள். நைஜீரியாவின் இக்போ மக்கள் வீட்டுக்கு வந்தவருக்கு, நாம் வெற்றிலை பாக்கு வைப்பது போல, கோலா கொட்டை வைத்து உபசரிக்கிறார்கள். செம்பனையின் சொந்த ஊர் அதுதான். 1848-இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோருக்கு வந்தன. 1917-இல் சிலாங்கூரில் தென்னமாராம் தோட்டத்தில் வியாபாரத்துக்காக நட்டார்கள்.

மரம் வந்தது, அதன் பூவை நாடும் வண்டு வரவில்லை. அதனால் நம் பாட்டிமார் மகரந்தத் தூளைத் தூக்கிக்கொண்டு, முள்ளுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு பூவுக்கும் அடிக்க வேண்டியிருந்தது. 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து அந்தச் சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலையும் போயிற்று.

இன்னொரு வகுப்பு ரப்பரைப் பற்றியது. 1885 முதல் 1908 வரை காங்கோ நாடு முழுவதும் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. அங்கே நம் கித்தா மரம் இல்லை. காட்டுக் கொடிகளிலிருந்து பால் எடுக்க வேண்டும். இத்தனை எடை கொண்டுவா என்று கிராமத்துக்கு உத்தரவு. குறைந்தால் மனைவியைப் பிணையாகப் பிடித்துப் போவார்கள், ஊரைக் கொளுத்துவார்கள், கையை வெட்டுவார்கள். கை இல்லாத பிள்ளைகளின் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் எட்மண்ட் மோரல். கப்பல் கம்பெனியில் கிராணி வேலை பார்த்தவர். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் கப்பல் கப்பலாக வருகின்றன. போகும் கப்பலிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்தான். விலைக்கு வாங்கினால் பதிலுக்குச் சரக்குப் போக வேண்டுமே? ஆக, அங்கே கூலியே கொடுக்காமல் வேலை வாங்குகிறார்கள் என்று கணக்கிலிருந்தே கண்டுபிடித்தார். வேலையை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். என் கணக்கியல் வகுப்பில் யாரும் இவரைப் பற்றிச் சொல்லவில்லை. இன்று அலுவலகத்தில் ஒரு கணக்கைத் திறந்தால், பதிலுக்கு என்ன போயிற்று என்றுதான் முதலில் தேடுகிறேன். இந்தத் துணைப் பாடம் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை, அதை மறைக்க மாட்டேன். வேலையை எப்படிப் பார்ப்பது என்பதை அதுதான் கற்றுத் தந்தது.

தம்பி தங்கைகள் ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: கார்ட்டர் வுட்சன். 1875-இல் பிறந்தவர். தாய் தந்தையர் அடிமைகளாக இருந்தவர்கள். மேற்கு வெர்ஜீனியாவில் நிலக்கரி வெட்டினார். ஏறக்குறைய இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்தார். 1912-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். 1926-இல் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு வாரத்தை ஏற்படுத்தியவர் இவரே. சுரங்கத்தில் இருந்த நாளில், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்கள் மாலையில் ஒரு தோழர் வீட்டில் கூடுவார்கள். வுட்சன் அவர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவார். அவர்கள் தாங்கள் பட்டதையெல்லாம் சொல்வார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சரித்திரத்தை அவர் முதலில் கேட்டது அங்கேதான். நம் தாத்தா காலத்தில் தோட்டத்துக் கடையில் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களே, அதே காட்சி!

கடைசி வகுப்பில், வீட்டுப் பெரியவர் ஒருவரின் உழைப்பை அவர் வாய்மொழியாகவே பதிவு செய்யச் சொன்னார்கள். போனில் பாட்டியைப் பிடித்தேன். "இதையெல்லாம் யாருடி கேப்பாங்க?" என்றவர், பெரட்டுக்குப் போன முதல் நாளிலிருந்து தொடங்கி மூன்று இரவு பேசினார். நடுவில் நான் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னேன். பாட்டி கேட்ட முதல் கேள்வி: "அங்க உள்ள பொம்பளைங்களுக்கும் கையில முள்ளு குத்துமா?" அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை.

அந்தப் பதிவின் பிரதி ஒன்றைப் பள்ளி நூல்நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பாட்டி அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடமே கேட்கலாம். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேளுங்கள்.