தூசியைப் பிடிக்கும் நீர்த்துளி: கணிப்பொறி காட்டும் கணக்கு

தில்லியின் ஆனந்த் விஹார் பகுதியில் 2017 டிசம்பரில், நுண்ணிய நீர்த்துளிகளை உயரே பீய்ச்சும் பீரங்கி போன்ற பொறி ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர்ப் பெரிய கட்டுமான இடங்களிலும் சாலைகளிலும் இத்தகைய பொறிகள் பெருகின. இவற்றில் பொதுப்பணம், நீர், எரிபொருள் ஆகிய மூன்றும் செலவாகின்றன. ஆகவே, நீர்த்துளி எத்தூசியைப் பிடிக்கும், எதனைத் தப்பவிடும் என்பது திட்டமிடுவோரும் விடை காண வேண்டிய வினா ஆகும்.

வாயுவை நீரால் கழுவும் முறை தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. உயர்ந்த கோபுரத்தினுள் தூசி கலந்த வாயு மேலெழும். நீர்த்துளிகள் கீழே விழும். துளியை நெருங்கும் வாயு வளைந்து விலகிச் செல்லும். கனமான துகளோ நிலைமத்தால் நேரே சென்று துளியில் மோதி ஒட்டிக்கொள்ளும். இந்நிலைமத்தின் விளைவு துகளின் விட்டத்தது இருமடிக்கேற்ப மாறுவதால், 10 மைக்ரான் துகளுக்கு உள்ளதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே 1 மைக்ரான் துகளுக்கு உண்டு. 0.1 மைக்ரானிலும் மிகச் சிறியவை வாயு மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் துளியை வந்தடைகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவையே எளிதில் தப்புகின்றன.

கணிப்பொறி, துளியைச் சுற்றிய வாயுவின் ஓட்டத்தை முதலில் கணக்கிடுகிறது. பின்னர் ஒவ்வொரு துகளின் பாதையையும் சிறுசிறு கால அளவுகளில் தொடர்ந்து, அது துளியைத் தொட்டதா என்று பார்க்கிறது. பல அளவுத் துளிகளுக்கும் துகள்களுக்கும் இதனைத் திரும்பச் செய்து கூட்டினால், கோபுரம் முழுவதன் திறன் கிடைக்கிறது. கோபுரத்தைக் கட்டும் முன்னரே பல அமைப்புகளை ஒப்பிட இயல்வதே இதன் பயன்.

துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே நீரில் எட்டு மடங்கு துளிகள் கிடைக்கும். ஆனால், மிகச் சிறிய துளி விரைவில் வாயுவோடு சேர்ந்தே மிதக்கத் தொடங்கும். மோதலுக்கு வேண்டிய வேக வேறுபாடு மறைந்துவிடும். எனவே, புவியீர்ப்பால் விழும் துளிகளுக்கு அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான அளவு ஏற்றதெனக் கருதப்படுகிறது. நுண்துகளையும் பிடிக்க வேண்டின், வாயுவைக் குறுகிய கழுத்தின் வழியே மிகு வேகத்தில் செலுத்த வேண்டும். நீரின் விகிதம் மாறாதிருக்க, வேகம் இருமடங்கானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். விசிறிக்கான மின்செலவும் கடுமையாக உயரும். தூய்மையின் கடைசிப் பங்கே மிகுந்த விலையுடையது.

இதனைத் தில்லிக்குப் பொருத்திப் பார்க்கலாம். திறந்த வெளியில் கோபுரச் சுவர் இல்லை. காற்று முழுவதும் துளிகளின் ஊடே செல்வதில்லை. கட்டுமான இடத்தின் பருத்த மண்தூசியை அது எழும் இடத்திலேயே நனைத்து அடக்குதல் பயனுள்ளது. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் புகைத்துகளை அவ்வாறு அடக்க இயலாது. அது பிறக்குமிடத்திலேயே தடுக்கப்பட வேண்டும். பதர்பூர் நிலக்கரி மின்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது இவ்வழியைச் சேர்ந்ததாகும். 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரம், 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 10 மைக்ரான் வரையிலான துகளுக்கு 100 மைக்ரோகிராமும், 2.5 மைக்ரான் வரையிலானதற்கு 60 மைக்ரோகிராமும் எனத் தனித்தனியே வரையறுத்துள்ளது. முன்னது குறைந்ததைக் கொண்டு பின்னதும் குறைந்ததெனக் கொள்ளலாகாது.

கணிப்பொறியின் விடை, அதற்கு அளிக்கப்படும் துளி அளவு, காற்று வேகம் ஆகியவற்றின் உண்மையைப் பொறுத்ததே. களத்தில் அளந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. கொள்முதலுக்கு முன் மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும்: பிடிக்க வேண்டிய துகளின் அளவு என்ன? ஒரு கிலோகிராம் தூசிக்கு எவ்வளவு நீரும் ஆற்றலும் தேவை? அழுக்கேறிய நீர் எங்கே செல்லும்? குடிநீருக்கே தவிக்கும் மாநகரில் இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது.