போர்த்திய ஷீட்டைத் திரும்ப எடுக்க முடியுமா?



மல்ச்சிங் ஷீட் என்று நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் நிலப்போர்வையைத் தர்பூசணிக்கும் மிளகாய்க்கும் விரித்தால் களை குறைகிறது, ஈரம் நிற்கிறது. இதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கடைசி அறுவடைக்குப் பின் அந்த ஷீட் எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

25 மைக்ரான் கனமுள்ள ஷீட் ஒரு கிலோவுக்குச் சுமார் 43 சதுர மீட்டர் வரும். ஏக்கரில் பாதியை மூடினாலே ஏறக்குறைய 47 கிலோ பிளாஸ்டிக் வயலுக்குள் வந்துவிடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கிழிந்து மண்ணில் தங்குவதாக வைத்துக்கொண்டால், ஐந்து போகத்தில் 23 கிலோ!

மெலிந்த ஷீட் விலை மலிவுதான். ஆனால் வெயிலில் நைந்து, இழுத்தால் கையோடு வரும். மீதி மண்ணோடு போகும். சீனாவில் மிக மெல்லிய ஷீட்டைப் பல ஆண்டுகள் விரித்ததில் வயல்களில் துண்டுகள் தேங்கி, நீர் இறங்குவதற்கும் வேர் ஓடுவதற்கும் தடையாயின. 2017இல் அந்நாடு தரநிர்ணயத்தைத் திருத்தி, குறைந்தபட்சக் கனத்தை 0.008 மில்லிமீட்டரிலிருந்து 0.010 ஆக உயர்த்தியது. விரிப்பவரை மட்டும் நினைத்துச் செய்த பொருளை, எடுப்பவரையும் நினைத்து மாற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் மண்ணிலேயே மக்கும் ஷீட்டை வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், விலை கூடுதல். ஆனால் "மக்கும்" என்று அச்சடித்ததெல்லாம் மக்குவதில்லை. சாதாரண பாலிதீனில் ஒரு மருந்தைச் சேர்த்து, வெயில் பட்டால் பொடிப் பொடியாகும்படி செய்த வகை ஒன்று உண்டு. அது கண்ணுக்கு மறைகிறதே தவிர, பிளாஸ்டிக்காகவே மண்ணில் கிடக்கிறது. இவ்வகைப் பொருள்களை விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்றித் தடை விதித்தது. உண்மையில் மக்கும் நிலப்போர்வைக்கு 2018இல் வந்த ஐரோப்பியத் தரநிர்ணயம், சோதனையின்போது மண்ணில் இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்கிறது. எனவே கடைக்காரரிடம் "மண்ணில் மக்கும் என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். உரக்குழியில் மக்கும் என்ற சான்று இதற்குப் போதாது. குழியின் சூடு வயலில் கிடையாது.

கரும்புச் சோகையும் வைக்கோலும் கைவசம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கரையான் உள்ள நிலத்தில் மட்டும் கவனம் தேவை.

பிளாஸ்டிக்கே விரிப்பதானால், பயிரின் வயதுக்கு ஏற்ற கனத்தில் வாங்குங்கள். அறுவடை முடிந்ததும் சொட்டுநீர்க் குழாயை எடுத்து, ஓரத்து மண்ணை விலக்கி, ஷீட்டைச் சுருட்டிவிடுங்கள். கொளுத்த வேண்டாம். இதெல்லாம் முடிந்த பிறகே உழவுக்கு ஆள் சொல்லுங்கள். ரோட்டவேட்டர் ஒரு முறை ஓடிவிட்டால், பிறகு அந்தத் துண்டுகளைப் பொறுக்கி மாளாது.